கண்ணாடித் தொட்டிக்குக் கீழே

2023 இல் பாடசாலை விடுமுறையோடு இன்னும் சில நாட்கள் லீவு சேர்த்து, லண்டனில் குடியிருக்கும் தங்கச்சியின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். மச்சானும் மருமகனும் அந்த நாட்களில் ஒரு பெரிய வேலையில் இறங்கியிருந்தார்கள். வரவேற்பறையில் ஒரு பவளக் கடல் அமைக்கும் வேலை அது. நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதன்மேல் நீல விளக்கு, உள்ளே அடுக்கிய கற்கள். கற்பிட்டிக் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். கடலை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு மனிதர் இவ்வளவு பணமும் பொறுமையும் செலவழிப்பார்கள் என்பதை அங்கேதான் கண்டேன்.

வருகிறவர்கள் எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள். எனக்கோ தொட்டிக்குக் கீழே இருந்த மர அலுமாரியின் மீதே கண் போயிற்று. அதைத் திறந்தால் இன்னொரு கண்ணாடித் தொட்டி. விளக்கில்லை, அலங்காரமில்லை. குழாய்களும் வயர்களும் நுரையுமாக, சமையலறையின் பின்புறம் போல் இருந்தது. "இது என்ன மகன்?" என்று மருமகனிடம் கேட்டேன். "சம்ப், மாமா. இது இல்லாட்டி மேல ஒண்டும் இல்ல" என்றான்.

அந்த வாக்கியம் ஊர் திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. மேலே உள்ள அழகு கீழே உள்ள ஒன்றின் தயவில் நிற்குமானால், மேலே இருப்பவர் கீழே இருப்பதற்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே.

முதலில் அந்தச் சம்ப் செய்யும் வேலையைச் சொல்லிவிட வேண்டும். மேல் தொட்டியின் ஒரு மூலையில் சீப்புப் பல் போல வெட்டிய ஒரு தடுப்பு இருக்கிறது. நீர் அதைத் தாண்டி வழிந்து குழாயால் கீழே இறங்குகிறது. மீன் தின்று மிஞ்சியதும் மீன் கழித்ததும் பவளங்கள் உதிர்க்கும் சளியும் அந்த நீரோடு போய்விடுகின்றன. கீழே முதலில் ஒரு துணிப்பை பெரிய கசடுகளைப் பிடிக்கிறது. அடுத்தது நுரை எடுக்கும் கருவி. அதனுள்ளே மிக நுண்ணிய காற்றுக் குமிழ்கள் இடைவிடாது எழும்புகின்றன. நீரில் கரைந்திருக்கும் புரதக் கழிவுகள் குமிழின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, ஒரு கிண்ணத்தில் வழிந்து, கடுந்தேயிலைச் சாயம் போலத் தேங்குகின்றன. நாற்றம் தாங்க முடியாதது. மேல் தொட்டியின் பளிங்கு நீர் இந்தக் கிண்ணத்தின் கறுப்புக்கு ஈடாகக் கிடைத்தது என்பதை மூக்கே சொல்லிவிடும்.

அதற்கடுத்த அறையில் ஒரு கொத்துப் பாசி. அதற்கென ஒரு சிறு விளக்கு. மேலே விளக்கணைந்த இரவில்தான் இந்த விளக்கை எரிய விடுகிறார்கள். இரவில் மேலுள்ள உயிர்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டைக் கீழே பாசி உறிஞ்சிக்கொள்ளும். நீரின் காரத்தன்மை அதிகம் தளம்பாது. மேலே தூங்கும்போது கீழே விழித்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கடைசி அறையில் ஒரு பம்பி, சுத்தமான நீரை மீண்டும் மேலே அனுப்புகிறது.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள் வேறு இருக்கிறார்கள். கழிவிலிருந்து வரும் அமோனியா மீனைக் கொல்லும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்குகின்றது, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதை நைத்திரேற்று ஆக்குகின்றது. இது அவ்வளவு கெடுதியில்லை, பாசி அதைத் தின்று வளரும். இந்தப் பற்றீரியாக்கள் கல்லிலும் கண்ணாடியிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் விடக்கூடாது. துப்புரவு செய்வோர் வந்து குடியமர்ந்த பிறகே அழகானவர்கள் வரலாம் என்பது அங்கு சட்டம். நமது ஊர்களையும் நகரங்களையும் நாம் இந்த ஒழுங்கில் கட்டவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்தக் குறைவு மேல் தொட்டியில் தெரிவதேயில்லை. அங்கே நீர்மட்டம் தடுப்பின் உயரத்தில் எப்போதும் ஒரே அளவாக நிற்கிறது. முழு இழப்பும் கீழே, பம்பி இருக்கும் அறையில்தான் காட்டுகிறது. மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவன் எதுவும் குறையவில்லை என்றே சத்தியம் செய்வான்.

முதன்முதலாக நீரை ஓடவிட்ட நாளில் எல்லாம் அழகாக நடந்தது. சம்ப் நிறைவாக இருந்தால்தான் நல்லது என்று எண்ணி, மருமகன் அதை ஏறக்குறைய விளிம்புவரை நிரப்பியிருந்தான். நான் ஒரு கேள்வி கேட்டேன். "கரண்ட் போனா என்ன நடக்கும்?"

மச்சான் சிரித்தார். "மச்சான், இது லண்டன். இங்க கரண்ட் போகாது."

2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டிலிருந்து போனவன் நான். எந்த ஏற்பாட்டைக் கண்டாலும் அது நின்றுபோனால் என்னாகும் என்று யோசிப்பது எங்களுக்கு இரண்டாம் இயல்பாகிவிட்டது. "ஒருக்கா நிப்பாட்டித்தான் பாருங்களேன்" என்றேன். மருமகன் பம்பியை நிறுத்தினான். மேலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. சம்ப் விளிம்பைத் தொட்டது, தாண்டியது, அலுமாரிக்குள் வழிந்து தங்கச்சியின் கம்பளத்துக்கு வந்தது. துவாய்களோடு ஓடினோம்.

பிறகு நிலத்தில் அமர்ந்து மருமகனோடு கணக்குப் பார்த்தேன். மேல் தொட்டி 120 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம். ஒரு சென்ரிமீற்றர் மட்டம் இறங்கினால் 6 லீற்றர். நீரைத் திருப்பி அனுப்பும் குழாயின் வாய் மேற்பரப்புக்கு 4 சென்ரிமீற்றர் கீழே அமிழ்ந்திருந்தது. பம்பி நின்றதும் அக்குழாயே நீரை எதிர்த்திசையில் உறிஞ்சி இறக்கும். வாய் வெளியே தெரியும்வரை விடாது. அது 24 லீற்றர். குழாய்களிலும் வழிவாயிலும் நின்றது ஏறக்குறைய 6. மொத்தம் 30 லீற்றர். கீழ்த்தொட்டி 75 நீளம், 40 அகலம், 40 உயரம். உள்ளிருக்கும் கருவிகளைக் கணக்கிலெடுக்காமல் பார்த்தாலும், 30 லீற்றர் வந்தால் மட்டம் 10 சென்ரிமீற்றர் உயரும். நீரோ 34 இல் நின்றது. 44 ஆகும்; தொட்டியின் உயரம் 40. மிஞ்சிய 12 லீற்றர் கம்பளத்தில்.

பரிகாரம் சுலபமானது. திரும்பும் குழாயில், மேற்பரப்புக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே சிறு துளையொன்று இட்டோம். மட்டம் அவ்வளவு இறங்கியதும் துளையால் காற்றுப் புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். இறங்கும் நீர் 12 லீற்றருக்குள் அடங்கும். கீழே 4 சென்ரிமீற்றர்தான் ஏறும். கீழ்மட்டத்தையும் 26 ஆகக் குறைத்தோம். அந்தத் துளையைப் பாசி அடைத்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை துப்புரவு செய்ய வேண்டும் என்று மருமகன் கலண்டரில் குறித்து வைத்தான்.

"இவ்வளவு இடத்தையும் சும்மா விடணுமா மாமா?" என்று கேட்டான். அவனுக்கு அது வீணாகத் தெரிந்தது. நானோ அந்த வெற்றிடத்தில்தான் முழு ஏற்பாட்டின் நீதி இருக்கிறது என்று நினைத்தேன். ஓட்டம் நிற்கும் நாளில் மேலே இருப்பது கீழே வந்து சேரும். அதைத் தாங்க இடம் விட்டு வைத்திருக்கிறோமா, இல்லையா? கீழே இருப்பவரை அன்றாடச் சுமையாலேயே விளிம்புவரை நிரப்பி வைத்துவிட்டு, நெருக்கடி வந்ததும் "ஏன் தாங்கவில்லை?" என்று கேட்பது நம்மில் வழக்கமாகிவிட்டது. நாட்கூலிக்காரனிடம் சேமிப்பு ஏன் இல்லை என்று கேட்கிறோம். ஓய்வே கண்டிராத தாயிடம் ஏன் கோபப்படுகிறாய் என்று கேட்கிறோம். அவர்களில் நாம் வெற்றிடம் விடவில்லை என்பதே பதில்.

சரி, கீழே ஒன்றை மறைத்து வைப்பதே குற்றமா? அப்படி நான் கருதவில்லை. நமது உடல் குடலை மறைத்திருக்கிறது. வீடு மலசலகூடத்தைப் பின்னால் வைத்திருக்கிறது. மறைப்பெல்லாம் வஞ்சகமாகாது, சிலது நாகரிகம், சிலது வெட்கம், சிலது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. அலுமாரிக்குக் கதவு போட்டதற்காக மச்சானை யாரும் குறைகூற முடியாது. கண்ணிலிருந்து மறைப்பது ஒன்று, கணக்கிலிருந்து மறைப்பது இன்னொன்று. கதவைச் சாத்திவிட்டு, தினமும் ஒருதரம் திறந்து குனிந்து பார்ப்பவர் உண்டு. கதவைச் சாத்தியதும் உள்ளே ஒன்றுமே இல்லை என்று நம்பத் தொடங்குபவரும் உண்டு. குற்றம் இரண்டாமவருடையது.

2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். கொழும்பு வருடக்கணக்காகச் சாத்தி வைத்திருந்த அலுமாரி அது. நகரம் குனிந்து பார்க்காத இடத்தில் மட்டம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் விளிம்பைத் தாண்டியது. தாண்டிய இடத்தில் ஏழைகள் இருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை எங்கள் மாவட்டத்தார் அறிவார்கள். கொழும்பின் குப்பைக்கு அருவக்காட்டில் இடம் ஒதுக்கப்பட்டது. 2018 இல் புத்தளத்து மக்கள், முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்ற பேதமின்றி, வீதியோரத்தில் அமர்ந்து எதிர்த்தார்கள். 2019 இல் குப்பை வந்தே சேர்ந்தது. நானும் அந்தப் பந்தலில் சில மாலைகள் உட்கார்ந்திருந்தேன். தலைநகரின் சம்ப் ஆக நாங்கள் தெரிவு செய்யப்பட்டோம் என்பதற்கான சொல் அப்போது என்னிடம் இருக்கவில்லை. குப்பை எங்காவது போகத்தான் வேண்டும்; அதை மறுப்பது சிறுபிள்ளைத்தனம். ஆனால் எங்கே என்பதை யார் தீர்மானிப்பது, கீழே இருப்பவரிடம் எவ்வளவு இடம் மீதியிருக்கிறது என்று யாராவது அளந்து பார்த்தார்களா என்பவை நியாயமான கேள்விகள்.

கடலுக்குள்ளே உள்ள பவளப் பாறைக்கு இந்தப் பிரிவினை இல்லை. அங்கே அலுமாரி கிடையாது. கடற்பஞ்சு நீரை வடிக்கிறது, கடலட்டை மணலைத் தின்று கழுவிவிடுகிறது, மீனின் செதிலிலும் வாயிலும் உள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் சிறு மீனும் இறாலும் இருக்கின்றன. துப்புரவு செய்வோரும் அழகானவர்களும் ஒரே வெளிச்சத்தில், பல வேளை ஒரே உயிராகவே இருக்கிறார்கள். மேல், கீழ் என்று பிரித்து, ஒன்றுக்கு விளக்கும் மற்றதற்கு இருட்டும் கொடுத்தது மனிதனின் வேலை.

இந்த இடத்தில் எனது சொந்தக் கணக்கொன்றை எழுதியாக வேண்டும்.

செயற்கைக் கடலுப்பு வாங்க ஒரு கடைக்குப் போனோம். வரிசையாகச் சிறு தொட்டிகள். ஒன்றில் இரத்தச் சிவப்பான இறால். உடலில் வெள்ளைப் புள்ளிகள், நீண்ட வெள்ளை மீசை. கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டில் விலையும், அதன் கீழே இரண்டு சொற்களும்: ஸ்ரீ லங்கா. என் நாட்டின் பெயரை அப்படி ஓர் இடத்தில் வாசித்தபோது முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கணம் ஒரு பையனின் முகம் வந்தது.

அவன் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். படிப்பில் நாட்டமில்லை. "படிக்காட்டி ஒக்சிசன் கட்டிக்கொண்டு கடல்ல குதிக்க வேண்டியதுதான்" என்று வகுப்பறையில் எல்லோர் முன்னும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு அவன் குதித்தான். அலங்கார மீனும் இறாலும் பிடிக்கும் சுழியோடிகளோடு சேர்ந்து, மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் எங்கள் பக்கமும், பருவம் மாறியதும் திருகோணமலைப் பக்கமுமாகப் போய்வந்தான். ஒரே நாளில் பலமுறை ஆழத்துக்கு இறங்கி, தேவையான அளவு தாமதிக்காமல் மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழாகி நரம்புகளைத் தாக்கும். அவனுக்கு அதுதான் நடந்தது. உயிர் தப்பினான். இடது காலை இழுத்துத்தான் நடக்கிறான். இப்போது படகு எஞ்சின் திருத்துகிறான்.

தொட்டிக்குக் கீழே ஒரு சம்ப் இருப்பதைக் கண்ட எனக்கு, தொட்டிக்கு முன்னாலும் ஒன்று இருப்பது அந்தக் கடையில்தான் விளங்கியது. கடல் மீன்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. யாரோ ஒருவன் மூச்சை அளந்து இறங்கித்தான் அவை மேலே வருகின்றன. அவனை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர்களில் நானும் ஒருவன். நானோ வாங்கியவன் அல்லன், விற்றவன் அல்லன். அந்தத் தொழிலை ஒரு தோல்வியின் பெயராக்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன். ஒருவரது வேலையை இழிவாக்கிவிட்டால், அதன் ஆபத்தைப் பற்றி யாரும் அக்கறைப்பட வேண்டியதில்லை. "எப்படிப் பாதுகாப்பாக மேலே வருவது?" என்று அவனுக்கு நான் விஞ்ஞானப் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். வாயு கரைதலும் அமுக்கமும் பாடத்திட்டத்தில் இருந்தன. சோடாப் போத்தலை உதாரணம் காட்டினேன். சுழியோடியின் இரத்தத்தைக் காட்டவில்லை.

அப்படியானால் கடல் தொட்டியே வைக்கக் கூடாதா? அன்றிரவு மச்சானிடம் இதைப் பேசினேன். அவர் நியாயமாகவே பதில் சொன்னார். தொட்டியில் உள்ள பவளங்கள் பெரும்பாலும் இன்னொரு வளர்ப்பாளரின் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டுகள். கோமாளி மீனைப் பண்ணையிலேயே பொரிக்க வைக்கிறார்கள். கடலைக் கண்டிராத பிள்ளை, ஒரு பவளம் வாய் திறப்பதைப் பார்த்து வளர்கிறது. "எல்லாரும் வாங்குறத நிப்பாட்டினா உங்கட ஊருப் பொடியன்மார் என்ன செய்வாங்க மச்சான்?" என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் சுலபமான விடை இல்லை.

எங்கள் கடலின் பவளங்களைத் தொட்டி வளர்ப்போர்தாம் அழித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1992 இல் சரணாலயமாக்கப்பட்ட கற்பிட்டிப் பவளப்பார் 1998 இல் வெளிறியது. வருடக்கணக்கில் மெல்லத் துளிர்த்து வந்து, 2016 இல் மீண்டும் வெளிறியது. கடல் நீர் சூடானதே காரணம். பூமியில் மிகையாகச் சேரும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கடலே வாங்கிக்கொள்கிறது. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையும் அதுவே கரைத்துக்கொள்கிறது. உலகமே கடலைத் தன் சம்ப் ஆக வைத்திருக்கிறது. அதன் மட்டம் மேலே இருக்கும் நமக்குத் தெரிவதில்லை. பவளம் வெளிறும்போதுதான் கம்பளம் நனைகிறது. மச்சான் 300 லீற்றர் கடலுக்கு வெற்றிடம் விட்டுக் கணக்குப் பார்த்தார். பெருங்கடலுக்கு அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

ஆகவே தொட்டி வைக்கலாமா என்று கேட்பதைவிட, வைப்பவர் எப்படி வைக்க வேண்டும் என்று கேட்பதே பயனுள்ளது என்று தோன்றுகிறது. கதவை அடிக்கடி திறந்து பார்ப்பது முதற் கடமை. கீழே வெற்றிடம் விடுவது இரண்டாவது. மேலே உள்ள அழகு தன்னால் நிற்கிறது என்று ஒருபோதும் சொல்லாதிருப்பது மூன்றாவது. நமக்குக் கீழே உழைப்பவை எல்லாம், அது பற்றீரியாவாகட்டும் மனிதராகட்டும், நமது சொத்தல்ல, நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் கணக்கில் வைத்திருப்பவர் மட்டுமே அதை உபயோகிக்கத் தகுதியுடையவர்.

ஊர் வந்த மறு வெள்ளிக்கிழமை அவனுடைய கொட்டிலுக்குப் போனேன். எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தான். கதிரையைத் துடைத்துத் தந்தான். பத்தாம் வகுப்பில் நான் சொன்னதைச் சொல்லி, அது பிழை என்றேன். "அதெல்லாம் எப்பயோ சேர்" என்றான். மறந்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை.

லண்டன் கடையில் அந்தச் சிவப்பு இறாலைக் கண்டதைச் சொன்னேன். விலையைக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். விலையைச் சொல்வதா, விடுவதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்:

"அங்க அது ஒளிஞ்சி இருக்கக் கல்லு வச்சிருக்காங்களா சேர்? அதுக்கு வெளிச்சம் புடிக்காது."

கடையில் கல் இருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. நான் அதைப் பார்த்திருக்கவில்லை.